பழைய சண்டை வீடியோ கேம்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி:
ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, டெக்கன் 3, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் சில மாதங்கள் ஊன்றிப் பழக விரும்புகிறேன். எது சிறந்தது?

மறுமொழி 1:
1991இல் கேப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 தான். ஆறு பொத்தான்கள், எட்டு வீரர்கள், அவ்வளவே. அடிமேல் அடி தொடுக்கும் காம்போ முறையே அதில் தற்செயலாக அமைந்து, உருவாக்கியவர்களால் நீக்கப்படாமல் விடப்பட்டது.

மறுமொழி 2:
நான் உடன்படவில்லை. 1999இல் வந்த தேர்ட் ஸ்ட்ரைக்கில், அடி விழும் கணத்தில் ஜாய்ஸ்டிக்கை எதிராளியை நோக்கித் தட்டினால் சேதமே இன்றி அதை முறியடிக்கலாம். 2004இல் ஈவோ என்னும் சண்டை வீடியோ கேம் போட்டியில், வழக்கமான முறையில் தடுத்தாலும் தோற்றுவிடும் அளவுக்கு எஞ்சிய உயிரைக் காட்டும் கோடு தேய்ந்திருந்த நிலையில், ஜப்பானிய ஆட்டக்காரர் டைகோ உமேஹாரா தம் பாத்திரமான கென்னைக் கொண்டு எதிராளியின் பாத்திரமான சுன்-லீயின் பதினைந்து உதைகளையும் இவ்வாறே முறியடித்து, கடைசி உதையைத் துள்ளி அந்தரத்தில் எதிர்கொண்டு, அச்சுற்றை வென்றார்.

மறுமொழி 3:
புதியவருக்கு டெக்கன் 3 எளிது. கைகால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். ஆனால் எட்டி கோர்டோ என்னும் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து உதைப் பொத்தான்களைக் கண்டபடி அழுத்தியே என் தம்பி என்னை வென்றுவிடுவான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேட்டவர்:
தேர்ட் ஸ்ட்ரைக்கையே எடுத்துக்கொள்கிறேன், நன்றி.