பள்ளி எங்களைக் கேட்காமல் மகளைத் தனி வகுப்பில் சேர்க்கலாமா? (அமெரிக்கப் பொதுப் பள்ளி)

கேட்பவர்: நியூஜெர்சி தந்தை

வணக்கம். என் மகள் இங்குள்ள ஒரு பொதுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கு டைட்டில் ஒன் நிதி (ஏழைக் குழந்தைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளுக்கு ஃபெடரல் அரசு தருவது) வருகிறது. சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி தமிழ் என்று எழுதியிருந்தோம். அதை வைத்து அவளுக்குத் தேர்வு நடத்தி, ஆங்கிலம் கற்போருக்கான பிரிவில் சேர்த்துவிட்டார்கள். எங்களுக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. பின்னர், குடும்ப வருமானம் முதலியவற்றைக் கேட்கும் ஒரு வினாத்தாளையும் அவள் வகுப்பில் நிரப்பியதாகச் சொல்கிறாள். ஃபெடரல் சட்டத்தில் இவற்றைக் குறித்துப் பெற்றோர் கேள்வி கேட்க இடமுண்டா?

பதில்: பள்ளிக் குழு உறுப்பினர்

இடமுண்டு. 1965ஆம் ஆண்டின் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டம், 2015இல் திருத்தப்பட்ட வடிவில், டைட்டில் ஒன் நிதி பெறும் பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) இப்படிச் சேர்க்கப்படும் குழந்தையின் பெற்றோருக்குப் பள்ளி ஆண்டு தொடங்கி 30 நாள்களுக்குள் அறிவிப்பு அனுப்பவேண்டும் என்கிறது. ஆண்டின் நடுவில் சேர்த்தால் இரண்டு வாரங்களுக்குள். ஏன் தெரிவுசெய்தார்கள், ஆங்கிலத் திறன் எந்த நிலையில் உள்ளது, எம்முறையில் கற்பிக்கிறார்கள், எப்போது வெளியேறலாம் என்பவை அதில் இருக்கவேண்டும். அப்பிரிவிலிருந்து குழந்தையை உடனே விலக்கிக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் விலக்கிக்கொண்டாலும், தேர்ச்சி பெறும்வரை ஆண்டுதோறும் நடக்கும் ஆங்கிலத் திறன் தேர்விலிருந்து அவளுக்கு விலக்கு இல்லை.

பதில்: பாஸ்டன் அம்மா

விலக்கல் படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒருமுறை வகுப்பைச் சென்று பாருங்கள். 1974இல் உச்ச நீதிமன்றம், சான் பிரான்சிஸ்கோவின் சீன மொழி பேசும் மாணவர்கள் தொடர்பான லாவ் வழக்கில், மொழி புரியாத குழந்தையை அப்படியே வகுப்பில் உட்காரவைத்துவிட்டுச் சமவாய்ப்பு தந்ததாகச் சொல்லமுடியாது என்று தீர்ப்பளித்த பிறகே இந்த உதவிகள் வலுப்பெற்றன. நம்மவர்களில் பலர் இதைக் கௌரவக் குறைவாக எண்ணுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

வினாத்தாள் விஷயம் வேறு சட்டத்தின்கீழ் வருகிறது. 1978இன் மாணவர் உரிமைப் பாதுகாப்புத் திருத்தம் வருமானம், மத நம்பிக்கை, அரசியல் சார்பு உள்ளிட்ட எட்டு வகைக் கேள்விகளைக் கட்டுப்படுத்துகிறது. ஃபெடரல் கல்வித் துறையின் நிதியில் நடக்கும் கட்டாயக் கணக்கெடுப்பு என்றால் முன்கூட்டியே உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். மற்றவற்றில் முன்னறிவிப்பும் மறுக்கும் வாய்ப்பும் தரவேண்டும்.

பதில்: சட்டம் படித்தவன்

உரிமை தாளில் இருப்பது ஒன்று, அதைப் பள்ளி மீறினால் என்ன செய்வது என்பது இன்னொன்று. மாணவர் பதிவேடுகள் பற்றிய 1974இன் ஃபெர்பா சட்டப்படி மகளின் பள்ளிப் பதிவேடுகளைக் கேட்டால், 45 நாள்களுக்குள் பார்க்க விடவேண்டும். ஆனால் இச்சட்டத்தை மீறியதற்காகத் தனிநபர் வழக்குத் தொடர முடியாது என்று 2002இல் கன்சாகா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கல்வித் துறையிடம் புகார் செய்வதே வழி. மாறாக, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புக் கல்விச் சட்டத்தில் பெற்றோரின் சம்மதம், விசாரணை, மேல்முறையீடு எல்லாம் உண்டு, 2007இல் விங்கல்மன் வழக்கில் பெற்றோர் வழக்கறிஞர் இல்லாமலே தங்கள் உரிமைக்காக வாதாடலாம் என்றும் தீர்ப்பானது. பெற்றோர் உரிமை மசோதா ஒன்று 2023 மார்ச்சில் பிரதிநிதிகள் அவையில் 213க்கு 208 என்ற கணக்கில் நிறைவேறியும் சட்டமாகவில்லை. ஆகவே இருப்பதைப் பயன்படுத்துங்கள். அறிவிப்பின் நகலையும் பதிவேட்டையும் தலைமையாசிரியரிடம் தேதியிட்ட கடிதத்தில் கேளுங்கள்; வாய்மொழிக் கோரிக்கையைப் பின்னர் நிரூபிக்க இயலாது.

பதில்: பள்ளிக் குழு உறுப்பினர்

ஒன்றைச் சேர்க்கிறேன். டைட்டில் ஒன் நிதியாக 5,00,000 டாலருக்கு மேல் பெறும் மாவட்டம் அதில் குறைந்தது 1 விழுக்காட்டைப் பெற்றோர் பங்கேற்புக்கு ஒதுக்கவேண்டும், அதில் குறைந்தது 90 விழுக்காடு பள்ளிகளுக்குப் போகவேண்டும். அப்பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற முடிவில் பெற்றோரையும் சேர்க்கவேண்டும் என்பதும் சட்டமே. பெற்றோருக்கான ஆண்டுக் கூட்டத்தில் காலி நாற்காலிகள்தாம் அதிகம் இருக்கும். அடுத்த கூட்டத்தின் தேதியையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.