தட்டை நீட்டிவிட்டு "டாக்டர் எப்போ வருவார்?" – கூட வேலை பார்க்கும் லத்தீனா தோழிகள்

இரவுப்பணி:
டெக்சாஸில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சி, அதாவது டாக்டர் படிப்பு முடிச்சதும் ஆஸ்பத்திரியில பார்க்கிற பயிற்சி வேலை, இரண்டாம் வருஷம். என்கிட்ட இன்டர்னா (முதல் வருஷ ரெசிடென்ட்) இருக்கிற பொண்ணு லத்தீனா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சம். மெக்சிகோ எல்லையோர ஊர்க்காரி. அவ வீட்டுல காலேஜ் வாசலை முதல்ல மிதிச்சதே இவதான். நேத்து ஒரு பெரியவர்கிட்ட இருபது நிமிஷம் உட்கார்ந்து, நெஞ்சுவலி எப்போ வந்தது, என்ன மாத்திரை சாப்பிடுறார்னு எல்லாம் கேட்டு முடிச்சு எழுந்தா. அவர் சாப்பாட்டுத் தட்டை நீட்டி, "இதை எடுத்துட்டுப் போம்மா, டாக்டர் எப்போ வருவார்?"ன்னார். கழுத்துல ஸ்டெத், சட்டையில கொட்டை எழுத்துல டாக்டர்னு அட்டை!

தட்டை வெளியே வெச்சுட்டுத் திரும்ப உள்ள போய், "டாக்டர் வந்துட்டேன்"னா. நான் சிரிச்சுட்டேன். அப்புறம் காபி குடிக்கும்போது சொன்னா, "இந்த மாசம் இது நாலாவது தட்டு." சிரிச்சதுக்குக் கூச்சமா போச்சு. என் பேரைச் சொல்லத் தெரியாம நோயாளிகள் திண்டாடுவாங்க, எந்த ஊருன்னு கேட்பாங்க. தட்டை மட்டும் யாரும் நீட்டினதில்லை. இந்திய முகம்னா டாக்டர்தான்னு அவங்களே முடிவு பண்ணிடுறாங்க. உங்க பக்கம் எப்படி?

ஃபில்டர்காபி:
கலிபோர்னியா, குழந்தைகள் மருத்துவம். இங்க தட்டு இல்லை, "ஒரு நிமிஷம் வாயேன்"தான். ஸ்பானிஷ் மட்டும் பேசுற அம்மா யார் வந்தாலும், எங்க பேட்ச் லத்தீனா பொண்ணைத்தான் கூப்பிடுவோம். ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன், மதியத்துக்குள்ள ஏழு தடவை. அதுல ரெண்டு நான் கூப்பிட்டது. அவளோட சொந்த நோட்ஸ் எழுத ராத்திரி ஒன்பதரை ஆச்சு. ரெசிடென்டுக்கு வாரம் 80 மணி நேரம்தான்னு 2003லேர்ந்து வரம்பு இருக்கு. ஆனா இந்த ஓட்டத்தை வேலைன்னே யாரும் நினைக்கலை. ஆறு மாச மதிப்பீட்டுல "வேகம் போதாது"ன்னு எழுதிட்டாங்க. எனக்கு "நல்ல வேகம்". யார் புண்ணியத்துலன்னு எனக்குத் தெரியும்.

இது பொழுதுபோக்கு வேலையும் இல்லை. 1980ல் ஃப்ளோரிடாவுல 18 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்த குடும்பம் "இன்டாக்ஸிகாடோ"ன்னு சொன்னாங்க. சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கலைங்கிற அர்த்தத்துல. இங்கிலீஷ் "இன்டாக்ஸிகேட்டட்" மாதிரி காதுல விழ, போதை மருந்துன்னு நினைச்சு வைத்தியம் பார்த்துட்டாங்க. உண்மையில மூளையில ரத்தக்கசிவு. கை கால் நாலும் செயலிழந்து போச்சு. நஷ்டஈடு சுமார் 7.1 கோடி டாலர். ஒரே ஒரு சொல்! அதைத்தான் நாங்க தினமும் ஓடற ஓட்டத்துல அவ தலையில கட்டிட்டுப் போறோம். இப்போ நான் மொழிபெயர்ப்பு ஐபேடைத் தள்ளிக்கிட்டுத்தான் வார்டுக்குள்ள போறேன்.

மழைக்குருவி:
ஸ்பானிஷ் தெரியாத லத்தீனா பாடு இன்னும் மோசம். சிகாகோவுல என்கூட இருந்தவ போர்ட்டோ ரிக்கோ (ஸ்பானிஷ் பேசுற அமெரிக்கத் தீவு) வம்சம், பிறந்ததெல்லாம் இங்கதான். ஒரு பாட்டி நோயாளி அவ பேரைப் பார்த்துப் படபடன்னு பேச, இவ திக்கித் திணற, "உங்கம்மா உனக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தா?"ன்னு அந்தப் பாட்டி கேட்டுட்டாங்க. நம்ம வீட்டுப் பிள்ளைங்களும் தாத்தா தமிழுக்கு இங்கிலீஷ்ல பதில் சொல்றவங்கதானே. எனக்கு அக்கா பொண்ணு ஞாபகம் வந்தது.

தூத்துக்குடிமீன்:
நோயாளி சொன்னா மன்னிச்சுடலாம். எங்க ட்யூட்டி ரூம்ல ஒரு லத்தீனாவைப் பத்தி "அவளுக்கென்ன, சலுகையில சீட்டு"ன்னவர் நம்ம தமிழ் ஆளு. ஊர் ஹாஸ்டல்ல கோட்டா பசங்களைப் பத்திக் கேட்ட அதே வசனம், கடல் தாண்டி வந்திருக்கு. 2020 கணக்கெடுப்புல மக்கள்ல கிட்டத்தட்ட 19 சதவீதம் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசுற நாடுகளோட வம்சம். 2018 கணக்குப்படி டாக்டர்கள்ல 5.8 சதவீதம், ஆண் பெண் சேர்த்தே. இவ்வளவு சலுகை கொடுத்தா ஆளெல்லாம் எங்க போனாங்கன்னு கேட்டேன். 1990ல் இந்த நாட்டோட சர்ஜன் ஜெனரல் (அரசாங்கத்தோட தலைமைப் பொது சுகாதார டாக்டர்) ஆன முதல் பெண்ணே போர்ட்டோ ரிக்கோவுல பிறந்த அன்டோனியா நோவெல்லோதான்னும் சொன்னேன். "அது வேற"ன்னார். என்ன வேறன்னு இன்னும் சொல்லலை.

இரவுப்பணி:
ஃபில்டர்காபி சொன்னதைப் படிச்சுட்டு எங்க வார்டு ஐபேடைத் தேடினேன். அலமாரிக்குப் பின்னாடி, சார்ஜ் இல்லாம கிடந்தது. சார்ஜர் எங்கன்னு நர்ஸ்கிட்ட கேட்டா, "அவளைக் கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்"ங்கிறாங்க.