மறுமொழி: வாட்போர்க் கலைச்சொற்கள் – 'கண்ட்ரோல்' என்பதற்கு 'விசையடக்கம்'

அன்பர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பிய வரலாற்று வாட்போருக்கான நம் சொற்பட்டியலில் 'கண்ட்ரோல்' (எதிராளிக்குக் காயம் ஏற்படாதபடி வெட்டுபவரே தன் வெட்டின் கடுமையை அடக்குவது) என்பதற்கு எதிரே 'கட்டுப்பாடு' என்று எழுதியிருக்கிறோம். அதை நீக்கிவிட்டு 'விசையடக்கம்' என்று சேர்க்குமாறு முன்மொழிகிறேன். பாதுகாப்பு விதிகளில் அடிக்கடி வரும் சொல் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள். இருகை நெடுவாள் பயிற்சிக்குரிய மழுங்கிய வாளை 'ஃபெடர்' என்கிறார்கள். எடை சுமார் 1.5 கிலோ. ஒலிம்பிக் வாள்வீச்சில் எப்பே வாள் 770 கிராமைத் தாண்டக் கூடாது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபெடரால் நெஞ்சில் குத்தினால் அலகு வில்லாக வளைந்து, குத்தின் கடுமையில் பெரும்பங்கைத் தானே வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் வாளின் நுனியை எடைபார்க்கும் கருவியின் மேல் ஊன்றி, அலகு வளையும் வரை பிடியை அழுத்தி, கருவி எத்தனை கிலோ காட்டுகிறது என்று பார்க்கிறார்கள். எண் கூடினால் வாள் விறைப்பானது, குத்துக்கு உதவாது. வெட்டில் இந்த உதவி கிடைக்காது. அலகு தட்டைப் பக்கமாகத்தான் வளையும். விளிம்புப் பக்கமாக வளையாது. தலையில் விளிம்பு இறங்கும் நேரத்தில் எதிராளியைக் காப்பவை இரண்டே: அவர் அணிந்திருக்கும் காப்பு, வெட்டுபவரின் கை.

காப்பைப் பற்றி இந்த இழையில் ஓர் அன்பர் '800 நியூட்டன் சட்டை' என்பதை 'விசைதாங்கு சட்டை' என்று தமிழாக்கியிருந்தார். அது வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். இத்தகைய சட்டைகளில் குறிக்கப்படும் 350, 800 என்னும் எண்கள் துணியைத் துளைக்க எவ்வளவு விசை தேவை என்பதைக் காட்டுபவை. அடியைத் தாங்கும் திறனைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. 1982இல் ரோமில் நடந்த உலகப் போட்டியில் எதிராளியின் ஃபாயில் வாள் முறிந்து, சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவின் முகமூடியைத் துளைத்தது. சில நாள்களில் அவர் இறந்தார். அதன் பிறகே உடை, முகமூடி, அலகு மூன்றுக்கும் விதிகள் கடுமையாயின. முறிந்த அலகின் கூர்மையைத் தடுக்க எழுந்த எண்ணைக் கனத்த வெட்டுக்கு உத்தரவாதமாகப் படிக்கும் ஒரு புதியவர் துணிந்து ஓங்கி அடிப்பார். 'துளைதாங்கு சட்டை' என்றே எழுதுவோம்.

முகமூடியின் கம்பிவலையும் முதன்மையாக நுனியைத் தடுப்பதற்கே ஆனது. பிடரிக்குத் தனியாகக் காப்பு பொருத்த வேண்டியிருக்கிறது. அதைப் பொருத்திய பின்னும், பலத்த அடியில் தலை சட்டென்று திரும்பும்போது மூளை குலுங்குவதை அது முழுதும் தடுத்துவிடாது. கையுறையில் சிக்கல் இன்னும் நுட்பமானது. கனத்த கையுறை விரல்களைக் காக்கிறது. அதே நேரத்தில் பிடியின் உணர்வை மழுக்குகிறது. பழைய ஜெர்மானிய ஆசான் லீக்டனாவரின் மரபினர் இரு வாள்கள் உரசும் இடத்தில் எதிராளியின் அழுத்தத்தை 'உணர்தல்' என்று ஒரு தனித் திறனாகவே கற்பித்தார்கள். அந்த உணர்வு குறையும் கை, தன் வெட்டின் கடுமையையும் சரியாக அறிவதில்லை. ஆகவே காப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஆபத்து குறைந்துகொண்டே போகும் என்று எண்ண முடியாது.

15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய இத்தாலிய ஆசான் ஃபியோரே தே லிபேரி காப்பின் பயனையும் நன்கு அறிந்தவர். கவசமணிந்து களத்தில் மூன்று முறை பொருதுவதையே கூர்வாளால் ஒரே முறை பொருதுவதைவிட விரும்புவேன் என்கிறார். கவசத்துக்குள் பல அடிகள் வாங்கியும் வெல்லலாம். கூர்வாளின் முன் ஒரு தடுப்பு தவறினால் உயிர் போகும் என்பது அவர் சொல்லும் காரணம். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பள்ளிகளோ விளையாட்டுப் போரில் நெடுவாளால் குத்துவதையே விலக்கி வைத்தன. முகமூடியும் வளையும் அலகும் வந்த பிறகு இன்றைய பயிற்சியாளர்கள் குத்தை மீட்டெடுத்திருக்கிறார்கள். வெட்டை மட்டும் கையே அடக்க வேண்டியிருக்கிறது.

இனி சொல். விலைக் கட்டுப்பாடு, ஊர்க் கட்டுப்பாடு என்னும்போது கட்டுப்படுத்துவது வெளியே இருக்கும் ஓர் அதிகாரம். நாவடக்கம், புலனடக்கம் என்னும்போது உடையவரே அடக்குகிறார். நமக்கு வேண்டியது இந்த இரண்டாம் பொருள்தான். நடுவர் வந்து நிறுத்தும் முன்பே வெட்டு முடிந்துவிடுகிறது.

'கண்ட்ரோல்' என்பதற்கு 'அளவடி' என்பதும் அழகான சொல். ஆனால் யாப்பிலக்கணத்தில் நாற்சீரடிக்கு அது பெயர். சிலம்பத்தின் 'தொடுமுறை'யையும் ஒருவர் பரிந்துரைத்தார். அங்கே கம்பு பட்டாலே புள்ளி. நெடுவாளில் விளிம்பு சரியான கோணத்தில், போதிய வீச்சோடு வந்திருக்க வேண்டும். வெறுமனே பட்டதை வெட்டாக ஏற்பதில்லை.

'அடக்கம் என்றால் மெதுவாக அடிப்பது என்று ஆகிவிடாதா?' என்ற கேள்வி நியாயமானது. வாள் முழு வேகத்தில் வரலாம். பட்ட பிறகும் தோளையும் இடுப்பையும் சேர்த்து வாளை உள்ளே தள்ளுகிறோமா, பிடியைத் தளர்த்தி அங்கேயே நிறுத்துகிறோமா என்பதில்தான் வேறுபாடு. அந்தத் தள்ளலை இயற்பியல் பாடநூல்களும் விசை என்றே சொல்லும் என்பதால் 'உந்தவடக்கம்' என்று மாற்றத் தேவையில்லை. வினையாகவும் இச்சொல் எளிதில் வளைகிறது: 'விசையடக்கி வெட்டினார்'. நடுவர் தண்டிக்கும் குற்றத்துக்கு 'விசைமீறல்' என்று இணைச்சொல்லும் கிடைத்துவிடுகிறது.

மறுப்பு இல்லையெனில் விசையடக்கம், விசைமீறல், துளைதாங்கு சட்டை மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடலாம். 'ஆஃப்டர்ப்ளோ' இன்னும் பாக்கி. வெட்டு வாங்கியவர் அக்கணமே திருப்பி வெட்டுவது அது. 'பதிலடி' என்ற சொல்லை, எதிராளியின் வெட்டைத் தடுத்துவிட்டுத் தாக்குவதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். 'பின்வெட்டு' என்றால் முதுகில் விழுந்த வெட்டு என்று படிப்பார்கள். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்