மார்கழியில் பால் தரம் (டிகிரி) இறங்குது, கொட்டகையை மூடலாமா?

மன்னை மேற்கு:
வணக்கம். மூணு ஜெர்சி கலப்பின மாடு இருக்கு. ஒண்ணு கன்னு போட்டு ஒன்றரை மாசம், 12 லிட்டர் கறக்குது. மத்த ரெண்டும் சேர்ந்து 11. ஐப்பசிக்கு முன்னாடி பால்ல கொழுப்பு 4.1 சதம், எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) 8.3 சதம் வந்தது. இப்போ 3.4, 7.8. தலைக்கு கோ-4 புல் (கம்பு நேப்பியர் தீவனப் புல்) 35 கிலோ, கலப்புத் தீவனம் வேளைக்கு 2 கிலோ போடுறேன். போர் நனைஞ்சதால வைக்கோல் ஒரு கிலோதான். குளிர்தான் காரணமா? நாலு பக்கமும் படுதா கட்டலாமான்னு யோசனை. வரப்புப் புல்லும் நிறைய கிடக்கு, அறுத்துப் போடலாமா?

வெண்ணாற்றங்கரை:
குளிரை விடுங்க. நம்ம பக்கம் ராத்திரி 20 டிகிரி மாட்டுக்குச் சுகமான காத்து. நாலு பக்கமும் படுதாவைக் கட்டினா மூத்திர நெடியும் ஈரமும் உள்ளேயே நிக்கும், ரெண்டு வாரத்தில கன்னுக்குட்டி இருமும். வாடைக்காத்து அடிக்கிற வடகிழக்கு மூலையில மட்டும், அதுவும் மாட்டு முதுகு உயரத்துக்கு, கட்டுங்க. மேல திறந்தே இருக்கணும். கன்னுக்கு மட்டும் காய்ஞ்ச படுக்கை வேணும்.

கோளாறு தீனியில. மழையும் பனியும் குடிச்ச கோ-4ல் 100 கிலோவுக்கு உலர் எடை, அதாவது தண்ணி போக மிஞ்சுறது, 15 கிலோவை ஒட்டித்தான் தேறும். 35 கிலோ புல்லுக்கு ஐந்தே கால் கிலோ, வைக்கோல் 0.9, ரெண்டு வேளைத் தீவனம் 3.6. மொத்தம் பத்துக்கும் கீழ. 380 கிலோ மாடு 12 லிட்டர் கறக்க 12, 13 கிலோ வேணும். வயிறு நிறைஞ்சிருக்கு, ஆனா தண்ணியால.

கொழுப்பு நாரிலேர்ந்து வருது, எஸ்.என்.எஃப் பெரும்பாலும் தீனியோட சக்தியிலேர்ந்து. உங்களுக்கு ரெண்டும் குறை. புல்லை முதல் நாள் சாயங்காலமே அறுத்து, கூரைக்குக் கீழ பரப்பி வாட விட்டு 25 கிலோ போடுங்க. நல்ல வைக்கோல் 3 கிலோ, தீவனத்துக்கு முன்னாடி. தீவனம் உடம்புக்கு ஒன்றரை கிலோ, கறக்கிற லிட்டருக்கு 400 கிராம், ஆக 12 லிட்டர் மாட்டுக்கு 6 கிலோ சொச்சம். ஒரே நாள்ல ஏத்தாதீங்க, மூணு நாளைக்கு ஒரு தடவை அரை கிலோன்னு ஏத்தி மூணு வேளையா பிரிச்சுப் போடுங்க. தாது உப்பு 50 கிராம், கல் உப்பு 30 கிராம். தண்ணி எப்பவும் முன்னாடி நிக்கணும், மழைநாள்ல பலரும் விடுறது இதைத்தான்.

இன்னொண்ணு, கறந்த கையோட நுரையோட கொண்டுபோற பால் லாக்டோமீட்டர்ல (பால் அடர்த்தி பார்க்கிற கருவி) குறைச்சுதான் காட்டும். காத்து அடங்கி ஒரு மணி நேரம் ஆனா சரியா வரும். கன்னுக்கு முதல் பாலை விட்டுட்டு, கடைசிப் பாலைக் கறங்க. கொழுப்பு கடைசியிலதான் இருக்கு.

கும்பகோணம் கறவை:
அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனா எஸ்.என்.எஃப் இப்படி விழுந்தா மடியையும் பாருங்க. ஈரத் தரையில வெளியே தெரியாத மடிநோய் சாதாரணம். துணி துவைக்கிற பவுடர் 15 கிராமை அரை லிட்டர் தண்ணியில கரைச்சு, நாலு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில பிடிச்சு, பால் அளவுக்கே கரைசல் ஊத்திச் சுழட்டுங்க. எந்தக் கிண்ணம் சளி மாதிரி திரிஞ்சு இழுக்குதோ அந்தக் காம்புல நோய்.

ஆரம்பம்னா தஞ்சாவூர்ல கால்நடைப் பல்கலைக்கழக மையம் சொல்லித்தர்ற பக்குவம் நல்லா வேலை செய்யும்: சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைச்சு, கைப்பிடி எடுத்துத் தண்ணியில கரைச்சு, கறந்து கழுவின மடி முழுக்க ஒரு நாளைக்குப் பத்து தடவை, 5 நாள் பூசணும். மடி கல்லாட்டம் இறுகினா, காய்ச்சல் இருந்தா காத்திருக்க வேண்டாம், டாக்டர்.

கறந்ததும் காம்புத் துளை அரை மணி நேரம் திறந்திருக்கும். அந்த நேரம் வைக்கோல் போடுங்க, மாடு படுக்காம நிக்கும்.

முள்ளியாறு:
வரப்புப் புல்லைப் பத்திப் பேச்சே வரல. டெல்டாவில அதுதான் முதல் ஆபத்து. வாய்க்கால் நத்தையிலேர்ந்து வர்ற தட்டைப்புழுக் குஞ்சு தண்ணி மட்டத்தை ஒட்டின தண்டுல ஒட்டிக்கிட்டு மாட்டுக்குக் காத்திருக்கும். தண்ணியில நின்ன அடிப்பகுதியை விட்டு, ஒரு முழம் மேல அறுங்க. மாட்டை வாய்க்கால் ஓரம் மேய விடாதீங்க. தாடைக்குக் கீழ வீக்கம், கண் இமை வெளுப்பு தெரிஞ்சா சாணியைச் சோதிக்கக் கொடுங்க. எல்லாப் புழு மருந்தும் இதுக்கு ஆகாது. ஐவர்மெக்டின், ஃபென்பென்டசோல் தட்டைப்புழுவைத் தொடாது. மருந்தும் அளவும் பாலை எத்தனை நாள் ஊத்தக்கூடாதுங்கறதும் டாக்டர்கிட்ட கேளுங்க.

கால் குளம்புக்கு 5 சத மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல், லிட்டருக்கு 50 கிராம். மீந்ததை வாய்க்கால்ல கொட்டாதீங்க.

மன்னை மேற்கு:
நன்றிங்க எல்லாருக்கும். கிண்ணச் சோதனை இன்னைக்குச் சாயங்காலமே பண்றேன். நனைஞ்ச போரைக் காயவெச்சுப் போடலாமா?

வெண்ணாற்றங்கரை:
கையை உள்ளே விட்டுப் பாருங்க. சூடும் புளிச்ச வாடையும் வெள்ளைப் பூசணமும் இருந்தா வேண்டாம், வெயிலுக்குப் பூசணம் சாகும், அதோட நஞ்சு சாகாது. வால் நுனி, காது மடல் கறுத்துக் காயுறது இந்த வைக்கோலாலதான், எருமைக்கு இன்னும் அதிகம். எருக்குழிக்குப் போகட்டும். தை அறுப்புல புது வைக்கோலை 11 மணிக்கு மேல, பனி உலர்ந்தப்புறம் கட்டு போடச் சொல்லுங்க. அறுப்புக்கு முன்னாடியே நெல்லுக்குள்ள உளுந்து தெளிச்ச வயல்னா சீக்கிரம் தூக்கணும், அதுக்காக ஈரத்தோட கட்டிடாதீங்க. எடுத்த முதல் கட்டைப் பிரிச்சு நடுவுல தொட்டுப் பார்த்துட்டு மத்ததை ஏத்துங்க.

முள்ளியாறு:
மாட்டுப் பொங்கல் அன்னைக்கு ஒரு பானைச் சோத்தையும் ஒரே மாட்டுக்கு ஊட்டிடாதீங்க, வயிறு புளிச்சு ராத்திரியே படுத்துடும். வாயில வெக்க ஒரு கைப்பிடி போதும்.