ஃபைபர் வள்ளத்தில் லைஃப் ஜாக்கெட்டை எந்தெந்த வேளையில் அணிந்திருக்க வேண்டும்?

கரைமணல் (கேள்வி):
எங்களுடையது 28 அடி ஃபைபர் வள்ளம். 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரில் நான்கு பேர் தொழிலுக்குப் போகிறோம். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறது என்றாலும், நான்கும் அணியத்துப் (வள்ளத்தின் முன்பக்கப்) பலகைக்கு அடியில், ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரே கயிற்றில் கட்டிக் கிடக்கின்றன. காற்று மாறினால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. வலை இழுக்கையில் ஜாக்கெட்டின் கொக்கியில் வலையின் கண்ணி மாட்டுகிறது என்கிறார் அண்ணன். புறப்பட்டது முதல் கரை சேரும்வரை அணிந்தே இருக்க வேண்டுமா, சில வேளைகளில் மட்டும் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் வீட்டில் எடுத்துச் சொல்ல வசதியாக இருக்கும்.

கச்சான்:
காற்று மாறியபின் அணிவது என்பது நடக்காத காரியம். அந்த வேளையில் ஒருவர் மோட்டாரைப் பிடித்திருப்பார், ஒருவர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார், மற்ற இருவரும் வலையை இழுப்பதா அறுத்துவிடுவதா என்று தடுமாறிக்கொண்டிருப்பார்கள். பலகைக்கு அடியில் கையை விட்டு, நனைந்து இறுகிய முடிச்சை அவிழ்க்க அப்போது யாருக்குக் கை ஒழியும்?

நான் கடலில் விழுந்தது புயலில் அல்ல. குளம்போல் கிடந்த கடலில், விடிவதற்கு முன், சிறுநீர் கழிக்க வள்ளத்தின் விளிம்பில் நின்றபோது விழுந்தேன். எங்கிருந்தோ வந்த ஒரே ஒரு அலை வள்ளத்தைச் சற்றே ஆட்டியது, அவ்வளவுதான். மோட்டார் சத்தத்தில் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. நீச்சல் எனக்குச் சிறுவயது முதல் கைவந்தது. ஆனால் சட்டையும் கைலியும் தண்ணீரில் ஊறிக் காலைச் சுற்றிக்கொண்டபின், வள்ளத்து விளக்கு சிறுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டு கையடிப்பது வேறு. அவர்கள் திரும்பி வந்தபோதும், தண்ணீருக்கு மேலே என் தலை மட்டுமே இருந்ததால், இரண்டு முறை பக்கத்திலேயே கடந்துபோனார்கள். அன்று முதல் இருட்டில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் நான் வள்ளத்தில் கால் வைப்பதில்லை.

வலைக்கண்ணி:
சொல்வதெல்லாம் சரி, ஆனால் கரைமணலின் அண்ணனைக் குறை சொல்ல வேண்டாம். வலை கடலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது மார்பில் உள்ள கொக்கியில் ஒரு கண்ணி மாட்டினால், அது ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டுதான் போகும். கனத்த ஃபோம் வைத்த ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் மூன்று மணி நேரம் வலை இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் புழுக்கம் தெரியும். எங்கள் வள்ளத்தில் முகத்துவாரத்தைக் கடக்கும்போது மட்டும் கண்டிப்பாக அணிகிறோம். குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் படகுகள் கவிழ்ந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

சுக்கான்:
கேள்வி 'எப்போது' என்பதாக இருந்தாலும், விடை 'எந்த வகை' என்பதில் இருக்கிறது. வேலைக்கு ஒவ்வாததைக் கொடுத்துவிட்டு எப்போதும் அணி என்றால் யாரும் அணிய மாட்டார்கள்.

கழுத்தைச் சுற்றிப் பட்டை போலக் கிடந்து, தண்ணீரில் விழுந்ததும் காற்றடைத்துக்கொள்ளும் ஜாக்கெட்டில் புழுக்கம் குறைவு. வலை இழுக்கக் கையும் தடைபடாது. 150 நியூட்டன் என்று அதில் குறித்திருந்தால், ஏறத்தாழ 15 கிலோ மிதப்பு கிடைக்கும் என்று பொருள். தானாக விரிவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் நனைந்தால் கரையும் வில்லை இருக்கும். அலை தெறிக்கும் திறந்த வள்ளத்தில் அது வேண்டாத நேரத்தில் விரிந்துவிடலாம். நீரழுத்தத்தை உணர்ந்து விரிவது விலை கூடுதல், ஆனால் தெறிக்கும் தண்ணீருக்கு அசையாது. கையால் இழுத்து விரிப்பது மலிவு. தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தவருக்கு அதனால் பயனில்லை. எதை வாங்கினாலும், வாரந்தோறும் அதை விரிக்கும் சிறு வாயு உருளையைக் கையால் திருகி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அவ்வப்போது வாயால் ஊதி ஓர் இரவு விட்டுவைத்தால், காலையில் தொய்ந்திருப்பதை வைத்துக் கசிவைக் கண்டுபிடிக்கலாம். கால்களுக்கு இடையே மாட்டும் தொடைப்பட்டையை விட்டுவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மூடும், ஆள் கீழே நழுவுவார்.

முகத்துவாரத்தில் மட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. பிரித்தானியாவில் 2018 நவம்பர் முதல், ஆள் கடலில் விழும் வாய்ப்பே இல்லை என்று எழுத்தில் காட்டினாலொழிய, மீன்பிடிப் படகின் மேல்தளத்தில் உள்ள எல்லோரும் அணிந்தே இருக்க வேண்டும். பக்கச்சுவர் முழங்கால் உயரமே உள்ள ஃபைபர் வள்ளத்தில் அப்படி எழுதிக் காட்ட யாராலும் முடியாது.

கரைமணல்:
நன்றி. அப்பாவிடம் கச்சான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மாலையில் பலகைக்கு அடியிலிருந்து நான்கையும் எடுத்து உப்புப்போகக் கழுவிக் காயப்போட்டிருந்தார். ஒன்றில் தையல் விட்டுப்போயிருக்கிறது. புதிது வாங்கும்வரை, கொக்கிகளின் மேல் துணியை மடித்துத் தைத்து மூடிவிடலாம் என்று அண்ணன் சொல்கிறார். அவசரத்தில் கழற்ற அது தடையாகுமா? சுக்கான் ஐயா சொல்ல வேண்டும்.

சுக்கான்:
மூன்று பக்கம் மட்டும் தைத்து, கீழ்ப்பக்கத்தைத் திறந்து விடுங்கள்; உள்ளே விரலை நுழைத்து அழுத்தினால் கொக்கி விடுபடும். தைத்தபின் இருட்டில், ஈரக்கையோடு ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.