1930இல் பிலடெல்பியா பிலிஸ் கடைசி இடத்துக்கு வந்தது எப்படி?

கல்லடிவாசி:
பாடசாலையில் பேஸ்போலை ஒத்த எல்லே விளையாடிய நாளிலிருந்தே எனக்குப் பேஸ்போல் வரலாற்றில் ஈடுபாடு உண்டு. 1930ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்போலின் இரு பெரும் லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் பிலடெல்பியா பிலிஸ் அணியின் துடுப்பாட்டச் சராசரி .315, அதாவது கணக்கில் சேரும் ஆயிரம் வாய்ப்புகளில் 315 முறை அடித்துவிட்டுப் பத்திரமாகத் தளம் சேர்ந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் 52 வெற்றி, 102 தோல்வியுடன் கடைசி இடத்தில் முடித்திருக்கிறார்கள். கிரிக்கெட் பார்த்தே பழகிய மட்டக்களப்பாருக்கு விளங்கும்படி யாராவது சொல்ல முடியுமா?

கல்முனை வாசகர்:
ஐயா, அந்தப் பருவத்தில் லீக் முழுவதற்குமான சராசரியே .303 ஆக இருந்தது, நியூயோர்க் ஜயன்ட்ஸ் .319 எடுத்தது, அதன் வீரர் பில் டெரி .401 அடித்தார். எல்லோரும் அடித்த ஆண்டில் .315 பெரிய முன்னிலை அல்ல. பிலிஸ் 944 ஓட்டங்கள் எடுத்து 1199 ஓட்டங்களை விட்டுக்கொடுத்தது என்பதில்தான் விடை இருக்கிறது. பந்துவீச்சு அவ்வளவு பலவீனமாக இருந்தது. பேஸ்போலில் ஆட்டத்தின் வெற்றி தோல்வி பந்துவீச்சாளரின் கணக்கிலும் எழுதப்படும். 1915 முதல் 1917 வரை இதே அணிக்காக ஆண்டுதோறும் 30 வெற்றிகளுக்குக் குறையாமல் ஈட்டிய பந்துவீச்சாளர் குரோவர் கிளீவ்லண்ட் அலெக்சாண்டர், 43 வயதில் திரும்பிவந்து, ஒரு வெற்றியும் இல்லாமல் மூன்று தோல்விகளுடன் விடைபெற்றார். அதை வாசிக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கனத்தது.

அக்கரைப்பற்று ரசிகர்:
மைதானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிலிஸின் சொந்த மைதானமான பேக்கர் போலில் வலப்பக்க எல்லை ஏறத்தாழ 280 அடி தூரத்திலேயே முடிந்து, அங்கே தகரம் போர்த்திய உயரமான மதில் நின்றது. சாதாரண மைதானத்தில் பிடியாகியிருக்கும் பந்து அங்கே மதிலில் மோதித் திரும்பும்; அந்த வாய்ப்பு ஆட வந்த எதிரணிக்கும் சமமாகக் கிடைத்தது. அந்தத் திசையைக் காத்த சக் கிளைன், மதிலில் பட்டுத் தெறிக்கும் பந்தை எடுத்த கையோடு எறிந்து, ஒரே பருவத்தில் 44 பேரின் ஆட்டமிழப்புக்கு உதவினார். துடுப்பாட்டத்திலும் .386 அடித்து 40 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்) எடுத்த அவரைப் போன்ற வீரர் ஒருவர் கடைசி இடத்து அணியில் ஆடினார் என்பதை நினைத்தால் இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

கல்லடிவாசி:
மிக்க நன்றி. அடுத்த ஆண்டும் இதே ஓட்டமழை தொடர்ந்ததா?

கல்முனை வாசகர்:
இல்லை. 1931இல் நேஷனல் லீக் தடித்த தோலும் மேலெழும்பிய தையலும் கொண்ட பந்தைக் கொண்டுவந்தது. பந்துவீச்சாளர்களுக்குப் பிடி கிடைத்தது, லீக் சராசரி .277க்கு இறங்கியது. 1930இல் 56 ஹோம் ரன் அடித்த சிகாகோ கப்ஸ் வீரர் ஹக் வில்சன் 1931இல் 13 மட்டுமே அடித்தார். அவருடைய வீழ்ச்சிக்கு மதுப்பழக்கமும் காரணமாக இருந்ததால், முழுவதையும் பந்தின் மேல் போட முடியாது.