பாலத்துல நின்னா சூடு ஏறுது, ஓடினா இறங்குது: ஹெட்டைக் கழட்டலாமா?

மண்டபம் வண்டிக்காரன்:
அண்ணன்மாரே, ஒரு யோசனை சொல்லுங்க. பழைய டீசல் கார், வாடகைக்கு ஓட்டுறேன். மண்டபத்துல ஆள் ஏத்திக்கிட்டு தனுஷ்கோடி போய் வர்றதுதான் பொழப்பு. 60 கி.மீ. வேகத்துல போனா சூடு காட்டுற முள்ளு பாதியிலயே நிக்குது. பாம்பன் ரோட்டுப் பாலத்துல ரயில் பாலத்தைப் பாக்க ஆளாளுக்கு வண்டியை நிறுத்துவாங்கள்ல, அந்த நெரிசல்ல ஏசியோட பத்து நிமிசம் நின்னா சிவப்புக்குப் போயிருது. ஒர்க்‌ஷாப்புல தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்குத் தக்க தண்ணி வழியைத் திறந்து மூடுற வால்வு) கழட்டிப் போட்டாங்க, மாறலை. இப்ப எஞ்சின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல், அதான் ஹெட் கேஸ்கெட், போயிருச்சுங்கிறாங்க. ரேடியேட்டர்ல வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணி குறையுது, வீட்டு போர் தண்ணியத்தான் ஊத்துறேன். சீசன் நேரத்துல வண்டி படுத்துட்டா எனக்கு வேற வழியில்ல.

தொண்டி டீசல்:
தம்பி, ஹெட்டுல கை வைக்க விடாதீங்க. ஓடுறப்ப எதிர்காத்தே ரேடியேட்டரை ஆத்திரும். நிக்கிறப்ப ஃபேன்தான் கதி. ரேடியேட்டர் உள்ள அடைச்சிருந்தா வேகத்துலதான் முதல்ல சூடு காட்டும். வண்டியை நிறுத்தி ஏசி போட்டு, கிரில் மேல ஒரு நியூஸ் பேப்பர் தாளை வைங்க. ஃபேன் இழுக்கிற காத்துல ஒட்டிக்கிட்டு நிக்கணும். விழுந்துச்சுன்னா ஃபேன் மோட்டார், அதுக்குக் கரண்ட் விடுற ரிலே, ஒயர் பிளக் மூணையும் பாருங்க.

காலையில எஞ்சின் ஆறிக் கிடக்கிறப்ப ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணுங்க. விடாம குமிழி வந்தாலோ, ஆயில் ஸ்டிக்குல பால் டீ கலர் தெரிஞ்சாலோ அப்புறம் கேஸ்கெட்டைப் பேசலாம். சூட்டோட மூடியைத் தொடவே தொடாதீங்க. என் முழங்கைத் தழும்பு இன்னும் போகலை.

கீழக்கரை பாய்:
போர் தண்ணிய இன்னையோட நிறுத்துங்க தம்பி. நம்ம ஊர் உப்பு அலுமினிய ஹெட்டை அரிச்சிரும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி ஊத்துங்க. தெர்மோஸ்டாட் புதுசு போடுங்க. அது இல்லைன்னா சில எஞ்சின்ல சூட்டுத்தண்ணி ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிரும். மூடி ரப்பரையும் பாருங்க. 0.9 பார் பிரஷர் நின்னா வெறும் தண்ணியே 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ரப்பர் வெடிச்சிருந்தா 100-லயே கொதிச்சு வெளிய தள்ளிரும். உங்க அரை லிட்டர் அங்கதான் போகுதுன்னு நினைக்கிறேன்.

மண்டபம் வண்டிக்காரன்:
தாள் விழுந்துருச்சு அண்ணே! ஃபேன் சுத்துது, ஆனா சோம்பலா. பிளக்கை உருவினா உள்ள பச்சை பூத்து, ஒரு ஓரம் பிளாஸ்டிக் கருகிக் கிடக்கு. ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மணலும் தூசியும் கம்பளி மாதிரி அப்பியிருந்துச்சு. விரலை வச்சதும் ரேடியேட்டர் தகடு மாவா உதிருது பாய். மூடி ரப்பர்லயும் வெடிப்பு. குமிழி இல்ல, ஆயில் சுத்தம். பிளக், மூடி, தெர்மோஸ்டாட், கூலண்ட் எல்லாம் மாத்திட்டு இன்னைக்குப் பாலத்துல இருபது நிமிசம் நின்னேன், முள்ளு அசையலை. ரேடியேட்டரை மட்டும் அடுத்த மாசம் மாத்தணும்.

தொண்டி டீசல்:
ரொம்ப சந்தோசம் தம்பி. புதுசு போட்டதும் மாசம் ரெண்டு தடவை நல்ல தண்ணியால எஞ்சின் பக்கத்துல இருந்து முன்பக்கமா கழுவுங்க. வாட்டர் சர்வீஸ் பிரஷர் வேணாம், தகடு மடங்கிரும்.